உப்பு மூட்டையும் ஊர் நலமும்

இரவு கடை பூட்டும்போது உள்ளே எடுத்து வைக்காமல் விட்டுப் போகக்கூடிய சரக்கு நம் மளிகைக் கடைகளில் ஒன்றே ஒன்றுதான். அது உப்பு. என் தகப்பனார் காலத்தில் கடை வாசலில் ஒரு மரப்பெட்டி நிறைய உப்பு கிடக்கும். பூட்டும் இல்லை, காவலும் இல்லை. உப்பைத் திருடினால் குடும்பத்துக்கு ஆகாது என்ற பயம் ஒன்று. திருடித்தான் என்ன கிடைக்கப் போகிறது என்ற எண்ணம் மற்றொன்று. புது வீடு புகும்போது முதலில் கொண்டுபோவதும், வெள்ளிக்கிழமை வாங்கினால் லட்சுமி வருவாள் என்று தாய்மார்கள் கேட்டு வாங்குவதும் அதே உப்பைத்தான். மதிப்பு மிக அதிகம், விலை மிகக் குறைவு. லாபத்தைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், உறுப்பினர் பெருமக்கள் எல்லோரும் அறிந்ததே.

இந்த லாபமில்லாத சரக்கினால் கடைக்காரர் ஒருவர் ஊர் நலத்துக்குச் செய்யக்கூடிய காரியம், தர்ம ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வாங்கிக் கொடுப்பதைவிடப் பெரியது என்று சொன்னால் சிலர் நம்பமாட்டார்கள். நானும் நம்பாதவன்தான். என் கடை உப்பு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொள்ளும் வரை நம்பவில்லை. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க நாட்டு மளிகைக்காரர்கள் செய்த ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

கழுத்தில் ஒரு வீக்கம்

தொண்டையின் முன்பக்கம் தைராய்டு என்ற சுரப்பி இருக்கிறது. அது வேலை செய்ய அயோடின் என்ற பொருள் வேண்டும். வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். ஒரு மனிதன் ஆயுள் முழுவதும் சாப்பிடுவதைச் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. அந்தச் சிறு அளவும் கிடைக்காதபோது சுரப்பி வீங்குகிறது. அதைத்தான் முன்கழுத்துக் கழலை என்கிறோம்.

கழலை கண்ணுக்குத் தெரிகிற கேடு. தெரியாத கேடு அதைவிடப் பெரியது. கர்ப்பிணிக்கு அயோடின் போதாவிட்டால் வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். காது கேளாமை, பேச்சின்மை, வளர்ச்சிக் குறைவு வரை போகலாம். அவ்வளவு போகாவிட்டாலும் பிள்ளை படிப்பில் மந்தமாக இருக்கும். 'இவனுக்கு மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது' என்று பெற்றோர் அடித்து வளர்ப்பார்கள். தடுக்கக்கூடிய மூளைக் குறைபாடுகளில் உலகிலேயே முதன்மையான காரணம் அயோடின் குறைவுதான் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன.

அமெரிக்காவில் பெரிய ஏரிகளைச் சுற்றியுள்ள மாநிலங்களில் பனிப்பாறைகள் மேல்மண்ணை அரித்துவிட்டதால் மண்ணில் அயோடின் கிடையாது. மண்ணில் இல்லாதது பயிரிலும் இல்லை. முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில் ஹௌட்டன் மாவட்டத்து மருத்துவர் 583 பேரைச் சோதித்தார். நூற்றுக்கு 30 பேருக்குத் தைராய்டு வீங்கியிருந்தது. சிலருக்குப் பட்டாளச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட முடியாத அளவு வீக்கம்.

மருந்து என்ன என்பது அப்போதே தெரிந்துதான் இருந்தது. பக்கத்து மாநிலமான ஓஹையோவில் ஆக்ரன் நகரப் பள்ளிகளில் 1917 முதல் டேவிட் மரைன், கிம்பால் என்ற இரு மருத்துவர்கள் மாணவியருக்கு அயோடின் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பிட்ட 2,190 பேரில் 5 பேருக்குத்தான் வீக்கம் கண்டது. சாப்பிடாத 2,305 பேரில் 495 பேருக்குக் கண்டது. இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்? ஆனால் மாநிலத்தில் உள்ள அத்தனை பேருக்கும் தினந்தோறும் மாத்திரை கொடுப்பது யார்? வீடு வீடாகப் போவது யார்? மருத்துவர்களால் முடியாத இடம் அது.

மளிகைக் கடை அலமாரி

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் குழந்தை மருத்துவப் பேராசிரியராக இருந்த டாக்டர் டேவிட் முர்ரே கௌயி, சுவிட்சர்லாந்தில் உப்பில் அயோடின் கலக்கத் தொடங்கியிருந்ததை அறிந்தார். அங்கே அப்பன்ஸெல் என்ற மலைப்பகுதியில் 1922இல் அந்த உப்பு விற்பனைக்கு வந்திருந்தது. ஏழை, பணக்காரர், படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் எல்லா வீட்டு அடுப்படிக்கும் போகிற ஒரே பொருள் உப்புதான். அதுவும் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே அளவில் போகிறது. கூடுதலாகப் போட்டால் வாயில் வைக்க முடியாது.

மிச்சிகன் மாநில மருத்துவச் சங்கம் இதற்கென்றே ஒரு குழு அமைத்தது. அயோடின் இல்லாத உப்பை விற்கக்கூடாது என்று சட்டம் போட்டுவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. யோசித்துப் பார்த்து அதைக் கைவிட்டார்கள். வணிகர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அதிகாரியை அனுப்பி மிரட்டுவதற்குப் பதிலாக உப்பு உற்பத்தியாளர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்கள். மிச்சிகன் அன்று பெரிய உப்பு உற்பத்தி மாநிலம். ஒரே ஒரு மாநிலத்துக்காகத் தனிச் சரக்கு, தனி அட்டைப்பெட்டி போடுவது தொல்லை என்று உற்பத்தியாளர்கள் தயங்கினார்கள். தயங்காமல் இருப்பார்களா? நாமாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்போம். மருத்துவர்கள் ஒப்புதல் தந்தால், மக்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலையை அவர்களே ஏற்றுக்கொண்டால், நாங்கள் தயார் என்ற இடத்துக்குப் பிறகு வந்தார்கள். ஊர் ஊராகச் சொற்பொழிவுகள் நடந்தன. சுகாதாரத் துறை பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தைச் சோதித்துக் கணக்கெடுத்தது.

1924 மே மாதம் 1ஆம் தேதி, 5,000 பங்கு உப்புக்கு ஒரு பங்கு அயோடின் சேர்மம் கலந்த உப்பு மிச்சிகன் மளிகைக் கடை அலமாரிகளில் ஏறியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் மார்ட்டன் உப்புக் கம்பெனி அதை நாடு முழுவதும் அனுப்பத் தொடங்கியது.

எதிர்ப்பே இல்லாமல் நடந்தது என்று நினைக்க வேண்டாம். பல ஆண்டுகளாகக் கட்டி வைத்திருக்கும் வயதானவர்களுக்குத் திடீரென்று அயோடின் போனால் தைராய்டு முடுக்கிக்கொள்ளும் என்று 1926இல் கிளீவ்லாந்து மருத்துவர் ஒருவர் எச்சரித்து எழுதினார். அதில் உண்மையும் இருந்தது. கலக்கும் அளவைப் பிற்காலத்தில் குறைத்தார்கள். ஆனால் கலப்பதை நிறுத்தவில்லை.

பலன் என்ன? 1924இல் மிச்சிகனின் நான்கு மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது நூற்றுக்கு 38 பேருக்கு மேல் கழலை இருந்தது. 1951இல் மறுபடி சோதித்தபோது நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. இரண்டாம் உலகப் போரில் சேர்ந்த வீரர்களின் பழைய தேர்வு மதிப்பெண்களைப் பிற்காலப் பொருளாதார ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அயோடின் மிகவும் குறைந்த பகுதிகளில் பிறந்தவர்களுக்கு, உப்பு மாறிய பிறகு அறிவுத்திறன் அளவு 15 புள்ளி வரை கூடியிருக்கும் என்று 2013இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

அமெரிக்காவில் இன்றுவரை இதற்குக் கட்டாயச் சட்டம் இல்லை. 1948இல் ஒரு மசோதா வந்து நிறைவேறாமல் போனது. கடைக்காரர் அலமாரியில் வைத்தார், வீட்டுக்காரி எடுத்துக்கொண்டாள். காரியம் நடந்துவிட்டது.

நம் நாட்டில் நடந்தது

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. இமயமலை அடிவாரத்தில் காங்க்ரா பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்து, டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய சகாக்களும் 1956இல் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். இரண்டு பகுதிக்கு அயோடின் உப்பு, நடுப்பகுதிக்குச் சாதா உப்பு. ஐந்தாறு ஆண்டுகளில் இரண்டு பகுதியிலும் கழலை பாதியாகக் குறைந்தது. நடுப்பகுதியில் குறையவே இல்லை. பிறகு நடுப்பகுதிக்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள், அங்கேயும் குறைந்தது. 1962இல் மத்திய அரசு தேசிய அளவில் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது.

அது மலைநாட்டு நோய், கடலோரத்தில் இருக்கும் நமக்கு எதற்கு என்று நம்மில் பலர் இன்றும் கேட்கிறார்கள். கடல் நீரைக் காய்ச்சி எடுத்த உப்பில் அயோடின் தானாக இருக்கும் என்பது ஒரு தவறான எண்ணம். உப்பளத்தில் விளையும் உப்பில் தங்குவது மிகமிகச் சொற்பம். கடல்மீனில் இருக்கிறது, ஆனால் மீன் தினமும் எல்லோர் தட்டிலும் விழுவதில்லை. நாட்டில் ஆய்வு செய்த எந்த மாநிலமும் இக்குறையிலிருந்து தப்பவில்லை. இப்போது நல்ல லாபத்தில் விற்கிறோமே இந்துப்பு, அதிலும் போதிய அயோடின் கிடையாது. இதைச் சொல்வதில் எனக்கே சங்கடம், என் கடையிலும் அது இருக்கிறது.

சட்டத்தின் கதை ஏறி இறங்கிய கதை. அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக்கூடாது என்று 1998இல் நாடு முழுவதற்கும் தடை வந்தது. மக்கள் விருப்பத்துக்கு விட்டுவிடலாம் என்று 2000இல் எடுத்தார்கள். 2006இல் மறுபடி போட்டார்கள். அந்த விதி பழைய கலப்படத் தடைச் சட்டத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொன்னாலும் ஆறு மாதம் தடை தொடரட்டும் என்று அவகாசமும் தந்தது. அதற்குள் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புதிய விதிமுறைகள் வந்துவிட்டன. நேரடியாகச் சாப்பிடுவதற்கு அயோடின் உப்பு மட்டுமே விற்கலாம். மாட்டுக்கு, பதப்படுத்துவதற்கு, தொழிற்சாலைக்கு என்றால் அப்படியே தெளிவாக எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

இவ்வளவு சட்டத்துக்குப் பிறகும், 2018-19இல் எடுத்த அகில இந்தியக் கணக்கில் போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டில் நூற்றுக்கு 76. தமிழ்நாட்டில் 62கூட இல்லை. கடைசி இடம் நமக்கு. தூத்துக்குடி முதல் வேதாரண்யம் வரை உப்பளங்களை வைத்துக்கொண்டு கடைசி இடம்!

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். நாம் கல் உப்புக்காரர்கள். தூள் உப்பில் அயோடின் சீராகக் கலக்கும். கல் உப்பில் மேலே தெளிக்கிறார்கள். சில சிறு உற்பத்தியிடங்களில் ஒரு பக்கம் தெளித்து மறுபக்கம் விட்டுவிடுகிறார்கள். மூட்டையின் மேல் அச்சிட்டிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது மற்றொன்று.

பள்ளிக்கூடத்தில் மாட்டிய கதை

இனி என் கதை. சில ஆண்டுகளுக்கு முன் என் கடையில் உப்பு சாம்பிள் எடுத்தார்கள். கடை மட்டத்தில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும்; அதில் பாதிகூட இல்லை என்று அறிக்கை வந்தது. பொட்டலத்தில் அயோடின் உப்பு என்றுதான் போட்டிருந்தது. சரக்கு கொடுத்தவர் பில் தரவில்லை. நானும் கேட்கவில்லை, உப்புக்குப் போய் யார் பில் கேட்பது? உற்பத்தி செய்தவரும் இல்லை, மொத்தமாக விற்றவரும் இல்லை, நான் மட்டும் போய் நின்றேன். அபராதம் கட்டினேன். வணிகனைக் கண்டாலே எல்லோருக்கும் இளப்பம் என்று சங்கக் கூட்டத்தில் சத்தம் போட்டேன்.

சத்தம் போட்டேனே தவிர, மனதுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சரக்கு ஐப்பசி மழை முழுக்க என் கடை வாசல் திண்ணையில் கிடந்தது. ஈரம் இறங்கினால் அயோடினும் கசிந்து போகும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். உற்பத்தியாளர் போட்டாரா, போட்டதை நான் தொலைத்தேனா? இன்றுவரை எனக்கு விடை தெரியாது.

அடுத்த ஆண்டு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியை, பிள்ளைகளை வீட்டிலிருந்து ஒரு கரண்டி உப்பு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். சோதிக்கும் சிறு குப்பியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கியிருக்கிறார். ஒரு சொட்டு விட்டால் அயோடின் உள்ள உப்பு நீலமாகும். இல்லாதது வெள்ளையாகவே இருக்கும். நிறம் வராவிட்டால் மறுசோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டு, மறுபடி முதல் குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். அயோடின் இருக்கிறதா, ஏறக்குறைய எவ்வளவு என்பது வரைதான் இது சொல்லும். சரியான அளவுக்கு ஆய்வுக்கூடம் போக வேண்டும். இருந்தாலும் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

அன்று சாயங்காலம் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி கடைக்கு வந்து, நாலு பேர் நிற்கும்போது கேட்டுவிட்டாள்: "அண்ணாச்சி, உங்க கடை உப்பு மட்டும் ஏன் வெள்ளையாவே இருக்கு?"

சாம்பிள் எடுத்த அதிகாரிக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அடிக்க வந்திருக்கிறேன் என்று ஆசிரியை நினைத்திருப்பார் போலும். எந்தெந்த வீட்டு உப்பு எந்தக் கடையில் வாங்கியது என்று பிள்ளைகள் நோட்டுப் போட்டு எழுதியிருந்தார்கள். வெள்ளையாக நின்றது பெரும்பாலும் மூன்று கடைச் சரக்கு. மூன்று கடைக்கும் சரக்கு வந்தது ஒரே இடத்திலிருந்து.

அந்த நோட்டைச் சங்கக் கூட்டத்தில் வைத்தபோது எழுந்த கூச்சலை எழுத முடியாது. "நம்ம குடுமியை நாமே புடிச்சுக் குடுக்கவா?" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். "கல் உப்பு இல்லேன்னா சனங்க வேற கடைக்குப் போயிடும், யாரு கேட்பா?" என்றார் இன்னொருவர். நியாயமான கேள்விகள். கடைசியில் சுகாதார நிலைய மருத்துவரம்மாவைக் கூட்டத்துக்கு வரச் சொன்னோம். அவர் சட்டம் பேசவில்லை. மாதாமாதம் சோதனைக்கு வரும் கர்ப்பிணிகள் எத்தனை பேர் என்று சொல்லி, இவர்கள் உப்பு வாங்குவது உங்களிடம்தான், என்னிடம் இல்லை என்றார்.

முடிவு பெரிய முடிவு ஒன்றும் இல்லை. சங்கம் குப்பி வாங்கி வைக்கிறது. லாரியில் உப்பு வந்து இறங்கினால், பிரித்துக் கடைகளுக்கு அனுப்பும் முன் நாலைந்து சிப்பத்தைத் திறந்து சோதிக்கிறோம். வெள்ளையாக இருந்தால் அப்படியே ஏற்றி அனுப்பிவிடுகிறோம். முதல் தடவை திருப்பி அனுப்பியபோது உற்பத்தியாளர் தரப்பு கோபப்பட்டது. மூன்றாம் தடவை சரக்கு நீலமாக வந்தது. தனிக் கடைக்காரர் ஒருவர் திருப்பியிருந்தால் அவரை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போயிருப்பார்கள். பஜார் முழுக்கத் திருப்பும்போது போவதற்கு வேறு கடை இல்லை. கல் உப்பை யாரும் நிறுத்தவும் இல்லை. அயோடின் தெளித்த கல் உப்பு என்றே கேட்டு வாங்குகிறோம். ஒரு முறை வேறு இடத்திலிருந்து எடுத்ததில் லாரி வாடகை கூடிப் போனது, அதை யார் தாங்குவது என்பதில் ஒரு சண்டை. அது இன்னும் முழுதாகத் தீரவில்லை.

கடையில் கவனிக்க வேண்டியது

உறுப்பினர்கள் பலர் கேட்டதால் சிலவற்றை எழுதுகிறேன். உப்புக்கும் பில் கேளுங்கள். சரக்கு விற்பவர் தரத்துக்கு உத்தரவாதம் எழுதித் தர வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. படிவம் ஈ என்பார்கள், பில்லிலேயே அச்சிட்டிருந்தாலும் போதும். சாம்பிள் தவறினால் உங்கள் பக்கம் நிற்கும் சாட்சி அந்தக் காகிதம்தான். உற்பத்தியாளர் பெயர், முகவரி, தேதி இல்லாத மூட்டையைக் கடைக்குள் விடாதீர்கள். அயோடின் உப்புப் பொட்டலங்களில் சிரிக்கும் சூரியன் படம் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். படம் நல்லதுதான், சொட்டு அதைவிட நம்பகமானது.

மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குங்கள். வெயில், சாரல் இரண்டும் ஆகாது. முதலில் வந்ததை முதலில் விற்றுவிடுங்கள். பிரித்த மூட்டையை மூடி வையுங்கள். சாக்கில் வாங்கி அளந்து கொடுப்பதைவிடக் கட்டிய பொட்டலமாக விற்பது நல்லது. ஊறுகாய்க்கென்று சாதா உப்பு கேட்பவர்களுக்காகத் தனியாக வைக்க வேண்டியிருந்தால், பதப்படுத்த மட்டும் என்று எழுதிய மூட்டையாகப் பார்த்துத் தனி இடத்தில் வையுங்கள். இரண்டையும் ஒரே பெட்டியில் கொட்டினால் சங்கத்தாலும் உங்களைக் காப்பாற்ற முடியாது.

வீட்டில் உப்பை மூடிய பாத்திரத்தில் வைக்கவும், அடுப்பிலிருந்து இறக்கும் சமயத்தில் போடவும் வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொல்லிப் பார்த்தேன். "உப்புப் போடுறதுக்கும் எனக்கு நீ கத்துக் குடுக்கிறியா?" என்று ஒரு பாட்டியம்மாள் கேட்டுவிட்டார். ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போதும் ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சோதிக்கிறார்கள். போன தடவை என் கடை உப்பு நீலம். பஜாரில் இரண்டு கடைச் சரக்கு இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. அதில் ஒன்று என் சொந்த மைத்துனர் கடை. நோட்டை அவரிடம் காட்டியிருக்கிறேன். அடுத்த லாரிச் சரக்கு சங்கத்தின் வழியாகத்தான் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.